இரும்புக் கிட்டம்: குப்பையா, கல்லா, சிமெண்டா?

இரும்பை உருக்கும்போது மேலே மிதந்து வரும் கசடை 'ஸ்லாக்' என்று படிக்கிறோம். நம்ம ஊர்ப் பெயர் இரும்புக் கிட்டம். சித்த வைத்தியத்தில் இதுவே மண்டூரம். கிட்டம் எவ்வளவு பழசோ அவ்வளவு உசத்தி, நூறு வருஷம் ஆனது உத்தமம் என்பார்கள். இதில் ஒரு எஞ்சினியரிங் விஷயமும் ஒளிந்திருக்கிறது. பிறகு சொல்கிறேன்.

ஊதுலையில், அதாவது பிளாஸ்ட் ஃபர்னஸில், ஒரு டன் இரும்புக்குச் சுமார் 300 கிலோ கிட்டம் வரும். கொதிக்கும் கிட்டத்தின் மேல் தண்ணீரைப் பீய்ச்சினால் சட்டென்று குளிர்ந்து கண்ணாடி மணலாகிவிடும். அதை மாவாக அரைத்துச் சிமெண்டோடு கலந்தால் அதுவும் பிடித்துக்கொள்ளும். மூட்டையில் பி.எஸ்.சி. என்று போட்டிருக்கிறதே, அது இந்தச் சரக்குதான். ஐ.எஸ். 455-ன்படி 25 முதல் 70 சதவீதம் வரை கிட்டம் சேர்க்கலாம்.

சிக்கல் இனிமேல்தான். ஊதுலை வழியில் ஒரு டன் ஸ்டீலுக்கு 2 டன்னுக்கு மேல் கார்பன்-டை-ஆக்சைடு வெளியாகிறது. ஆகவே உலகம் மின்வில் உலைக்கு மாறுகிறது. நம் டாடா ஸ்டீல் நிறுவனமே பிரிட்டனில் போர்ட் டால்பட் ஆலையின் கடைசி ஊதுலையை 2024 செப்டம்பர் 30-ல் அணைத்துவிட்டது. நல்லதுதான். ஆனால் ஊதுலை அணைந்தால் அந்தக் கண்ணாடி மணலும் நின்றுபோகும். சிமெண்ட் ஆலைகள் பழையபடி சுண்ணாம்புக்கல்லை அதிகம் சுட வேண்டும். ஸ்டீலில் இறக்கிய கார்பன் சிமெண்டில் ஏறிக்கொண்டால் என்ன லாபம்?

மின்வில் உலையிலும் கிட்டம் வருகிறது, ஆனால் அது வேறு ஜாதி. இரும்பு ஆக்சைடு அதிகம், சிமெண்ட் குணம் கம்மி. கரையாத சுண்ணாம்பு உள்ளே தங்கியிருந்தால், ஈரம் பட்டு நீறும்போது பருத்துவிடும். அவசரப்பட்டு ரோட்டில் கொட்டினால் ரோடு வெடித்துக் கிளம்பும்! அதனால்தான் மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் போட்டு ஆற வைக்கிறார்கள். வைத்தியர் சொன்ன 'பழசு' ஞாபகம் வருகிறதா?

பக்குவப்படுத்தினால் அது அருமையான ஜல்லி. 2022-ல் சூரத் அருகே ஹஜிராவில் மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில், ஜல்லிக்குப் பதில் முழுக்க ஸ்டீல் கிட்டத்தை வைத்தே ஆறு வழிச் சாலை போட்டார்கள். எங்க தாத்தா பம்மல் பக்கம் குவாரியில் ஜல்லி உடைத்தவர். மலை இருந்த இடத்தில் இப்போது தண்ணீர் தேங்கிய பள்ளம். ஆகவே எனக்கு இந்தச் செய்தி வெறும் செய்தியல்ல.

ஆனால் கம்பி கட்டிய கான்கிரீட்டில் ஸ்டீல் கிட்ட ஜல்லியை ஐ.எஸ். 383 (2016) அனுமதிக்கவில்லை. சாதா கான்கிரீட்டில் 25 சதவீதம் வரைதான். மேஸ்திரி யாராவது 'எல்லாம் ஒண்ணுதான் தம்பி' என்றால் நம்பாதீர்கள்.

2024-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் ஒரு வேலை செய்தார்கள். இடித்த கான்கிரீட்டிலிருந்து பழைய சிமெண்டைப் பிரித்து, மின்வில் உலையில் சுண்ணாம்புக்குப் பதிலாகப் போட்டார்கள். மேலே வந்த கிட்டத்தை வேகமாகக் குளிரவைத்து அரைத்தால் மறுபடி சிமெண்ட்! தாம்பரத்தில் பழைய வீட்டை இடித்து ஃபிளாட் கட்டும்போது ஏரிக்கரையில் கொட்டுகிறார்களே ரப்பிஷ், அதுவும் ஒருநாள் உலைக்குப் போகலாம்.

நமக்குப் பக்கத்திலேயே கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை உருக்கும் இண்டக்ஷன் உலைகள் உண்டு. அவற்றின் உள்பூச்சு பெரும்பாலும் சிலிக்கா. எனவே அந்தக் கிட்டத்தில் சுண்ணாம்பு குறைவு, சிலிக்கா அதிகம். மூன்றாம் ஆண்டு புராஜெக்டுக்கு அதை கியூப் போட்டு உடைத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறோம். தாம்பரத்தில் ஏறிப் பார்க்கில் மாறினால் கும்மிடிப்பூண்டி. திரும்பும்போது ஒரு சாக்குக் கிட்டத்தை மின்சார ரயிலில் ஏற்ற விடுவார்களா என்பதுதான் தெரியவில்லை.