ஆறுதலான நத்தாருக்கு அறுவடையிலேயே ஆயத்தம்

நத்தார் திருநாள் ஆண்டுதோறும் டிசெம்பர் 25ஆம் திகதியே வருகிறது. ஆயினும் அது சொல்லாமல் வந்த விருந்தாளியைப் போல எமது வீடுகளுக்குள் நுழைந்து, தாயைக் களைப்பிலும் தந்தையைக் கடனிலும் விட்டுச் செல்வதை நாம் பல கிராமங்களில் காண்கிறோம். இதற்கு மக்களின் கவலையீனம் மட்டுமே காரணமல்ல. விவசாயியின் ஆண்டும் திருநாளின் ஆண்டும் ஒன்றோடொன்று பொருந்தாமல் இருப்பதே முதற் காரணம். அதை விளங்கிக்கொண்டால் வழியும் தெரியும்.

டிசெம்பரில் கை வெறுமையாவது ஏன்?

காலபோக நெல்லை நாம் ஒக்டோபர் மழையோடு விதைக்கிறோம். அறுவடை பெரும்பாலும் பெப்ரவரி, மார்ச் மாதங்களில். ஆகவே டிசெம்பரில் நெல் வயலில் நிற்கிறது, வீட்டில் இல்லை. கையிலிருந்த காசு உழவு, விதை, பசளை என்று போய்விட்டது. போதாக்குறைக்கு, ஒக்டோபர் கடைசியில் விதைத்த மூன்றரை மாத நெல்லுக்குக் கதிர் உருவாகும் பருவத்தில் இடவேண்டிய மேற்கட்டுப் பசளையும் டிசெம்பர் நடுப்பகுதியிலேயே வருகிறது. அந்தக் காசு உடுப்புக் கடைக்குப் போனால் கதிர் மெலியும். போகாவிட்டால் பிள்ளைகளின் முகம் வாடும். இந்த நெருக்கடியில்தான் காதிலும் கழுத்திலும் கிடக்கும் நகை அடைவுக்குப் போகிறது. தைப்பொங்கல் அறுவடையை அண்டி வரும் பண்டிகை. நத்தாரோ அறுவடைக்கு முந்திய வறிய மாதத்தில் வருகிறது.

மழையும் இதே காலத்தில்தான். விறகு நனையும், மா காயாது, பாதை அறுபடும். 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியும், 2025 நவம்பர் இறுதியில் நாட்டை வெள்ளத்தில் ஆழ்த்திய டித்வா சூறாவளியும் நத்தாருக்கு ஏறக்குறைய ஒரு மாதம் இருக்கையில் வந்தவை என்பதை மறக்கலாகாது.

ஆகவே நத்தாருக்கான ஆயத்தம் டிசெம்பரில் அல்ல, அறுவடைக் களத்திலேயே தொடங்க வேண்டும்.

மாதந்தோறும் சிறிது

பெப்ரவரி, மார்ச்: நெல் வீட்டுக்கு வந்ததும், விற்பதற்கு முன்னரே, திருநாளுக்கென ஒரு மூட்டையை ஒதுக்கி வையுங்கள். உழுந்து செய்தவர்கள் இரண்டு கொத்தை எடுத்து வைக்கலாம். விற்ற பிறகு மிச்சம் பிடிப்போம் என்றால் மிச்சம் வராது.

ஏப்ரல், மே: நெல் வெட்டிய வயலின் ஈரத்தில் விதைத்த பயறு இக்காலத்தில் கைக்கு வரும். பயற்றம் பணியாரத்துக்கு வேண்டியதை நன்றாக வெயிலில் காயவைத்து, ஆறவிட்டு, உலர்ந்த வேப்பமிலை கலந்து, காற்றுப் புகாத பேணியில் அடைத்து வையுங்கள். அரைகுறையாகக் காய்ந்த பயற்றை வண்டு தின்றுவிடும்.

ஜூன்: ஊர்க்கோழி ஒன்றை அடைவையுங்கள். 21 நாளில் குஞ்சு பொரிக்கும். டிசெம்பரில் அந்தச் சேவல்களுக்கு ஆறு மாதம் நெருங்கியிருக்கும். கறிக்கு ஏற்ற பருவம். இராணிக்கெட் நோய்க்கான தடுப்பு மருந்தைக் கால்நடை வைத்தியரிடம் கேட்டுக் கொடுப்பியுங்கள். இல்லையேல் ஒரு வாரத்தில் கூடு வெறுமையாகிவிடக்கூடும்.

செப்டெம்பர்: மழைக்கு முந்திய இந்த வெயில் விலைமதிப்பற்றது. விறகைப் பிளந்து கூரைக்குக் கீழ் அடுக்குங்கள். அரிசியை இடித்து, மாவை வறுத்து, பேணிகளில் நிரப்புங்கள். மிளகாயையும் மல்லியையும் வறுத்துத் தூளாக்குங்கள். ஒழுகும் கூரையையும் இப்போதே திருத்துங்கள்.

நவம்பர்: உடுப்புத் தைக்கும் வேலையை முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். டிசெம்பரில் தையற்காரரிடம் கூட்டமும் கூலியும் கூடும். பிறகும் உடுக்கக்கூடிய உடுப்பாக இருப்பது நன்று. திருநாள் முடிந்த கையோடு கொப்பி, சப்பாத்துச் செலவு காத்திருக்கிறது.

சொந்த வயலில் இல்லாதவர்கள்

இடம்பெயர்ந்து உறவினர் வளவிலோ பிறர் காணியிலோ இருப்பவர்கள், "எமக்கு மூட்டையும் இல்லை, களமும் இல்லையே" என்று கேட்பது நியாயமே. அவர்களும் செய்யக்கூடியது உண்டு. மார்ச் முதல் வாரத்திலிருந்து வாரம் 200 ரூபா உண்டியலில் போட்டால், டிசெம்பர் தொடங்கும்போது 40 வாரமாகி, 8,000 ரூபா சேர்ந்திருக்கும். கூலி கிடைக்காத வாரத்தில் 50 ரூபாவாவது போடுங்கள், பழக்கம் அறுபடக்கூடாது. நம்பிக்கையான நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து சீனி, எண்ணெய், ரவை ஆகியவற்றை மொத்தமாக வாங்கிப் பங்கிட்டால் செலவு குறையும். பலகாரத்தையும் ஒரே அடுப்பில் சேர்ந்து சுட்டால் விறகும் மிச்சம், வேலையும் இலகு.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இப்படி வியர்வை சிந்திச் சேர்த்த காசு ஒரே இரவில் சாராயத்துக்குப் போவதை நாம் கண்டிருக்கிறோம். உண்டியலை வீட்டுத் தலைவியிடம் ஒப்படைப்பது நல்லது.

வேலை எல்லோருக்கும், ஓய்வும் எல்லோருக்கும்

பண்டிகை என்பது தாயை மூன்று நாள் புகைக்குள் அடைப்பதல்ல. முறுக்கும் பணியாரமும் பேணியில் இரண்டு வாரம் கெடாமல் இருக்கும். அவற்றை 20ஆம் திகதிக்கு முன் முடித்துவிடலாம். ஆண்பிள்ளைகள் தண்ணீர் அள்ளட்டும், தேங்காய் துருவட்டும். தந்தை கோழியை உரித்துத் துப்புரவு செய்யட்டும். 24ஆம் திகதி மத்தியானத்தோடு வேலைகளை நிறுத்தி, சிறுவர்களைப் படுக்க வைத்தால், நள்ளிரவுத் திருப்பலியில் அவர்கள் மடியில் தூங்கி விழமாட்டார்கள். மறுநாள் சோறும் கோழிக்கறியும் ஒரு மரக்கறியும் போதும். தாயும் மற்றவர்களோடு ஒன்றாக இருந்து சாப்பிடுவதே முக்கியம்.

பாலன் குடிலுக்குக் காசு தேவையில்லை. 1223ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சியோ என்னும் ஊரில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ்கு குடில் அமைத்தபோது, அவர் தேடியவை வைக்கோலும் ஒரு மாடும் ஒரு கழுதையுமே. எம்மிடம் வைக்கோல் உண்டு, பனையோலை உண்டு, களிமண் உண்டு. டிசெம்பர் 14ஆம் திகதியளவில் சிறுவர்கள் சிரட்டையில் மண் நிரப்பி, ஊறிய நெல்லைத் தூவி, நாள்தோறும் தண்ணீர் தெளித்து வந்தால், திருநாளன்று குடிலின் முன் பச்சை வயல் நிற்கும். சொந்த வயலைக் காணாமல் வளரும் பிள்ளைக்கு, தாத்தா விதைத்த நிலத்தைப் பற்றிச் சொல்ல அது நல்ல தருணம்.

எம்மில் பல வீடுகளில் ஓர் இடம் வெறுமையாக இருக்கிறது. இறந்தவர்கள், காணாமற் போனவர்கள், கடல் கடந்து போனவர்கள். அவர்களுக்காக ஒரு மெழுகுதிரி ஏற்றி, அவர்களின் பெயரைச் சொல்லி வேண்டுங்கள். அவசரத்தில் ஓடும் வீட்டில் துயரத்துக்கும் நேரமில்லை, மகிழ்ச்சிக்கும் நேரமில்லை. பொங்கலன்று எமக்குப் பொங்கல் தந்த அயலவருக்கும், தனித்திருக்கும் விதவைத் தாய்க்கும் ஒரு தட்டுப் பலகாரம் போகட்டும்.

பெத்லகேமிலும் ஒரு குடும்பம் தன் வீட்டை விட்டு வெளியூரிலேயே இருந்தது. அவர்களிடம் இருந்தது சிறிது. இருந்ததைக் கொண்டு பிள்ளைக்குத் துணி சுற்றினார்கள், தீவனத் தொட்டியைத் தொட்டிலாக்கினார்கள். நாமும் இருப்பதைக் கொண்டே, ஆனால் காலத்தோடு தொடங்குவோம். கடனில்லாத நத்தார் பெரிய நத்தாராக இல்லாமற் போகலாம். ஆனால் தை பிறக்கும்போது நகை வீட்டில் இருக்கும், பசளை வயலில் இருக்கும், தாயின் முகத்தில் களைப்பும் இராது.