முதலில் எதைக் கழுவுவது?

நிலக்கரிப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடிக்கத் திட்டம் போடும் நாடு, அதைவிடச் சுலபமான கந்தகக் கழுவலைப் பத்து வருடமாகத் தள்ளிப்போட்டு, கடைசியில் பெரும்பாலான மின்நிலையங்களுக்கு விலக்கே அளித்துவிட்டது.

கோலி சோடா தயாராவதைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சத்தம் நினைவிருக்கும். தண்ணீர் நிரப்பிய பாட்டில்களை இரும்புச் சட்டத்தில் பூட்டி, சிலிண்டரிலிருந்து வாயுவைத் திறந்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துச் சட்டத்தைத் தலைகீழாகச் சுற்றுவார்கள். கடகடவென்று கோலிகள் உருளும். சுற்றாமல் விட்டால் என்ன ஆகும்? வாயு தண்ணீரில் இறங்கத்தான் செய்யும். ஆனால் மேலே இருக்கும் மெல்லிய நீர்ப்படலம் மட்டும் வாயுவால் நிறைந்துவிடும். அடியிலிருக்கும் தண்ணீருக்கு அது போய்ச் சேர மணிக்கணக்கில் ஆகும். சுற்றும்போது பழைய மேற்பரப்பு உள்ளே புரண்டு புதுத் தண்ணீர் மேலே வருகிறது.

சோடாக்காரருக்கு இது கைப்பழக்கம். ரசாயனப் பொறியியலில் இதற்கு ஒரு முறையான கணக்கு 1951-ல்தான் வந்தது. எழுதியவர் பீட்டர் டாங்க்வெர்ட்ஸ் என்ற ஆங்கிலேயர். 1940-ல் லண்டன் மீது ஜெர்மன் விமானங்கள் பாராசூட்டில் இறக்கிய கண்ணிவெடிகளைச் செயலிழக்கச் செய்து ஜார்ஜ் கிராஸ் பதக்கம் பெற்றவர். போருக்குப் பின் கேம்பிரிட்ஜில் அவர் பிடித்துக்கொண்ட விஷயம், வாயு எப்படித் திரவத்துக்குள் போகிறது என்பது. திரவத்தின் மேற்பரப்பு அசையாத படலம் அல்ல, ஓயாமல் புதுப்பிக்கப்படும் ஒன்று என்பது அவர் கோட்பாட்டின் சாரம்.

அந்தக் கேம்பிரிட்ஜ் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு கிளை மும்பைக்கு வந்தது. மும்பைத் தமிழர்களுக்கு மாட்டுங்கா என்றால் கோயில், காபி, மல்லிகைப்பூ. அதே மாட்டுங்காவில்தான் யு.டி.சி.டி. இருக்கிறது. பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் ரசாயனத் தொழில்நுட்பத் துறையாக 1933-ல் தொடங்கி, இன்று ஐ.சி.டி. என்ற பெயரில் தனிப் பல்கலைக்கழகமாக நிற்கும் நிறுவனம் அது. முகேஷ் அம்பானி படித்தது இங்கேதான். டாங்க்வெர்ட்ஸிடம் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, 1964-ல் இங்கு பேராசிரியராக வந்தபோது ஜோத்பூரில் பிறந்த எம்.எம். சர்மாவுக்கு வயது 27.

அவர் கையாண்ட விஷயங்களில் முக்கியமானது கேட்பதற்கு விளையாட்டுப் போல இருக்கும்: ஒரு தொட்டியில் லட்சக்கணக்கான குமிழிகள் கொதிக்கின்றன, அவற்றின் மொத்த மேற்பரப்பு எவ்வளவு? எண்ண முடியாது, அளக்கவும் முடியாது. ஆனால் வாயுவோடு எவ்வளவு வேகமாக வினைபுரியும் என்று துல்லியமாகத் தெரிந்த ஒரு திரவத்தைத் தொட்டியில் ஊற்றினால், ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பு ஒரு விநாடிக்கு எவ்வளவு வாயுவை விழுங்கும் என்பது முன்கூட்டியே தெரியும். மொத்தம் காணாமல் போன வாயுவை அதனால் வகுத்தால் பரப்பு கிடைத்துவிடுகிறது. டாங்க்வெர்ட்ஸும் சர்மாவும் வளர்த்த இந்த ரசாயன அளவை முறை, மேசைமேல் நிற்கும் கண்ணாடிக் குடுவையில் சோதித்துப் பார்த்து, பல மாடி உயரக் கோபுரத்துக்கு அளவு சொல்லும் வசதியைத் தந்தது. கோடிகளைக் கொட்டி மாதிரித் தொழிற்சாலை கட்ட வழியில்லாத நாட்டுக்கு அது சின்ன உதவி அல்ல. 1990-ல் லண்டன் ராயல் சொசைட்டி சர்மாவை உறுப்பினராக ஏற்றது.

இந்தக் கணக்குகளை அனல் மின்நிலையத்தின் புகையில் போட்டுப் பார்த்தால் ஒரு விநோதம் தெரிகிறது.

500 மெகாவாட் யூனிட் ஒன்று மணிக்குச் சுமார் 20 லட்சம் கன மீட்டர் புகையை விடுகிறது. நமது நிலக்கரியில் கந்தகம் குறைவு. ஆகவே அந்தப் புகையில் மணிக்கு இரண்டு மூன்று டன்தான் கந்தக டை ஆக்சைடு. கரியமில வாயுவோ 450 டன்னுக்கும் மேல். அளவில் மட்டுமல்ல, சுபாவத்திலும் இரண்டும் வேறு. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர், தூய கந்தக டை ஆக்சைடை 90 கிராமுக்கு மேல் கரைத்துக்கொள்ளும். தூய கரியமில வாயுவை ஒன்றரை கிராம்தான். முன்னது தண்ணீருக்குள் குதிக்கத் தயாராக நிற்கும் வாயு. காரமான திரவத் துளியிடம் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும். பின்னது வாசல் வரை வந்து நின்றுவிடும். திரவத்துக்குள் வாயு மூலக்கூறு நகரும் வேகம், காற்றில் நகர்வதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு. அந்த மெல்லிய திரவப் படலத்தைத் தாண்ட வைப்பதுதான் முழுச் சிரமமும்.

அதனால் கந்தகக் கழுவல் பழைய வித்தை. லண்டனின் பாட்டர்ஸீ மின்நிலையம் 1930-களிலேயே தேம்ஸ் நதித் தண்ணீரையும் சுண்ணத்தையும் கொண்டு புகையைக் கழுவியது. இந்தியாவுக்கும் புதிதல்ல. மாட்டுங்காவிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, டிராம்பேயில் டாடா மின்நிலையத்தின் 500 மெகாவாட் யூனிட்டில் 1980-களின் பிற்பகுதியிலேயே கடல்நீரால் புகையைக் கழுவும் கோபுரம் வந்துவிட்டது. கடல்நீரின் இயல்பான காரத்தன்மையே போதும். உறிஞ்சப்பட்ட கந்தகம் சல்பேட்டாக மாறும். அது கடலில் ஏற்கெனவே ஏராளமாக இருக்கிற உப்புதான். கடலோரத்தில் இல்லாத நிலையங்களுக்குச் சுண்ணாம்புக்கல் கூழ். அதில் மிஞ்சும் ஜிப்சத்தை சிமென்ட் ஆலைகள் வாங்கிக்கொள்ளும்.

இருந்தும் நாடு முழுக்க நாம் பின்பற்றிய வழி வேறு: புகைபோக்கியை உயர்த்துவது. 500 மெகாவாட் யூனிட் என்றால் 275 மீட்டர். வாயுவைக் கழுவாமல், தூரத்துக்கு அனுப்பிவிடும் ஏற்பாடு.

2015 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் முதல் முறையாக மின்நிலையங்களின் கந்தக டை ஆக்சைடுக்கு வரம்பு விதித்தது. பழைய பெரிய யூனிட்டுகளுக்கு ஒரு கன மீட்டர் புகையில் 200 மில்லிகிராம். 2017 முதல் வரும் புதியவற்றுக்கு 100. கெடு இரண்டு வருடம். கெடு வந்தது, நீண்டது. 2022 ஆயிற்று. 2021-ல் நிலையங்கள் மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டு வகைக்கொரு கெடு வந்தது. அதுவும் 2022-ல் நீண்டது, 2024-ன் கடைசி நாட்களில் இன்னொரு முறை நீண்டது. 2025 ஜூலையில் நீட்டிப்புக்கே வேலை இல்லாமல் போயிற்று. ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு யூனிட்டுகளுக்கு வரம்பு பொருந்தாது என்று அறிவிப்பு வந்தது. புகைபோக்கியின் உயரம் விதிப்படி இருந்தால் போதும். தலைநகர் வட்டாரத்துக்கும், 10 லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை உள்ள நகரங்களுக்கும் 10 கிலோமீட்டருக்குள் இருப்பவை மட்டும் 2027 டிசம்பருக்குள் கோபுரம் கட்டியாக வேண்டும். ஏற்கெனவே மாசு மிகுந்த பகுதிகளில் இருப்பவை பற்றி ஒவ்வொன்றாகப் பரிசீலனை.

அரசின் வாதங்களை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. மெகாவாட்டுக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் செலவு. அது கடைசியில் மின்கட்டணத்தில்தான் வந்து விழும். கோபுரம் தண்ணீரைக் குடிக்கும், நிலையத்தின் மின்சாரத்தில் ஒன்று, ஒன்றரை சதவீதத்தைத் தின்னும். நிலையங்களைச் சுற்றியுள்ள காற்றில் கந்தக டை ஆக்சைடு, அனுமதிக்கப்பட்ட 80 மைக்ரோகிராமுக்குக் கீழேதான் இருக்கிறது என்று ஆய்வுகளும் காட்டப்பட்டன. சுண்ணாம்புக்கல் வினைபுரியும்போது கரியமில வாயு வெளிவரும் என்பது இன்னொரு வாதம்.

கடைசி வாதத்தைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். 64 கிலோ கந்தக டை ஆக்சைடைப் பிடித்தால் 44 கிலோ கரியமில வாயு வெளியேறும். மணிக்கு 3 டன்னைப் பிடித்தால் 2 டன். அந்த யூனிட் எப்படியும் விடுகிற 450 டன்னோடு ஒப்பிட்டால் அரை சதவீதம்கூட இல்லை. கோபுரத்தை ஓட்டும் மின்சாரத்துக்கான நிலக்கரியைச் சேர்த்தாலும் இரண்டு சதவீதத்துக்குள் அடங்கிவிடும்.

80 மைக்ரோகிராம் வாதம் கொஞ்சம் நுட்பமானது. புகைபோக்கியிலிருந்து கிளம்பும் கந்தக டை ஆக்சைடு அப்படியே இருப்பதில்லை. சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் அது சல்பேட்டாக மாறுகிறது. வயல்களிலிருந்து எழும் அம்மோனியாவோடு சேர்ந்து, நுரையீரலின் அடி வரை போகும் நுண்துகளாகிறது. வட இந்தியக் குளிர்காலத்தில் மூடுபனி இதற்குத் தோது. ஒவ்வொரு பனித்துளியும் ஒரு சின்னக் கழுவல் கோபுரம். கந்தகத்தை உறிஞ்சுகிறது, ஆக்சிஜனேற்றம் செய்கிறது, பனி விலகும்போது துகளாக விட்டுப்போகிறது. மின்நிலைய வாசலில் வாயுவை மட்டும் அளந்தால் இந்தக் கணக்கு கண்ணில் படாது. அது பல நூறு கிலோமீட்டர் தள்ளி, வேறொரு ஊரின் நுண்துகள் கணக்கில் எழுதப்படும். அந்தப் பங்கு சிறியதா பெரியதா என்பதில்தான் அரசு காட்டும் ஆய்வுகளும் மற்ற ஆய்வாளர்களும் முட்டிக்கொள்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் கரியமில வாயு கதைக்குள் வருகிறது. 2050-க்குள் ஆண்டுக்கு 75 கோடி டன் கரியமில வாயுவைப் பிடிக்கலாம் என்று நிதி ஆயோக்கின் 2022 அறிக்கை சொன்னது. பிடிக்கும் வழி, வேறென்ன, திரவத்தில் உறிஞ்சுவதுதான். தண்ணீர் தனியாக உதவாது. அமீன் என்ற ரசாயனம் சேர்த்த கரைசல் வேண்டும். 1930-ல் அமெரிக்காவில் காப்புரிமை கோரப்பட்ட முறை இது.

எந்த அமீன் என்பதில் இருக்கிறது சூட்சுமம். மோனோஎத்தனாலமீன் கரியமில வாயுவைச் சட்டென்று பிடிக்கும். ஆனால் லேசில் விடாது. 120 டிகிரி வரை சூடாக்கி, ஒரு டன்னுக்கு 350 கோடி ஜூல் அளவுக்கு வெப்பம் கொடுத்தால்தான் விடும். எம்.டி.இ.ஏ. என்ற இன்னொரு அமீன் சுலபமாக விட்டுவிடும், பிடிப்பதில் மந்தம். அதனுடன் கொஞ்சம் பைப்பரசின் கலந்தால் மந்தம் தீர்கிறது. குழந்தைகளுக்குப் பூச்சி மருந்தாகக் கொடுத்தார்களே, அதே பைப்பரசின்தான். இந்தக் கலவைகளின் விகிதத்தில் ஓரிரண்டு சதவீதம் மாற்றிப் பார்ப்பதிலேயே உலகெங்கும் ஆராய்ச்சியாளர்களின் ஆயுள் கழிகிறது.

உர ஆலைகளில் இது அன்றாடச் சமாச்சாரம். அம்மோனியா தயாரிக்கும் வழியில் வரும் கரியமில வாயுவை உறிஞ்சி எடுத்துத்தான் யூரியா செய்கிறார்கள். ஆனால் அங்கே வாயு அழுத்தத்தில் இருக்கும், சுத்தமாக இருக்கும். மின்நிலையப் புகை அப்படியல்ல: அழுத்தம் கிடையாது, ஆக்சிஜனும் சாம்பலும் கந்தகமும் உண்டு. தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் 2016-ல் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்து சோடா உப்பு செய்யத் தொடங்கியபோது உலகப் பத்திரிகைகள் அங்கே திரும்பின. காரக்பூர் ஐ.ஐ.டி. மாணவர்கள் தொடங்கிய ‘கார்பன் கிளீன்’ நிறுவனத்தின் கரைசல், அரசு மானியம் இல்லாத திட்டம். ஆண்டுக்கு 60,000 டன் என்பது இலக்கு. பெருமைப்படலாம், கூடவே, 500 மெகாவாட் யூனிட் ஒன்று அந்த 60,000 டன்னை ஐந்தாறு நாளில் வெளியே விட்டுவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அமீனுக்கு ஒரு பலவீனம் உண்டு. கந்தக டை ஆக்சைடு வந்து சேர்ந்தால், எவ்வளவு சூடாக்கினாலும் பிரியாத உப்பாக அதோடு ஒட்டிக்கொள்ளும். விலையுயர்ந்த கரைசல் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். அமீனுக்குள் விடும் புகையில் பத்து லட்சத்துக்குப் பத்து பங்குக்கு மேல் கந்தக டை ஆக்சைடு கூடாது என்பது நடைமுறைக் கணக்கு. கழுவாத நமது புகையில் அது 350 முதல் 500 பங்கு. 2015-ன் வரம்பான 200 மில்லிகிராமே 70 பங்குக்குச் சமம். அதற்குப் பிறகும் இன்னொரு முறை அலச வேண்டும். விலக்கு பெற்ற யூனிட் எதிலாவது நாளை கரியமில வாயுவைப் பிடிக்க நினைத்தால், இன்று மிச்சமான கோபுரச் செலவு அன்றைக்குத் திரும்பி வரும், அன்றைய விலையில்.

மத்தியப் பிரதேசத்தில் இருக்கும் விந்தியாசல், 4,760 மெகாவாட் திறன் கொண்ட தேசிய அனல்மின் கழக நிலையம். அங்கே 2022-ல் ஒரு கரியமில வாயுப் பிடிப்பு நிலையம் ஓடத் தொடங்கியது. நாளைக்கு 20 டன் பிடித்து, மெத்தனால் செய்யும் திட்டம். 500 மெகாவாட் யூனிட் ஒன்று அந்த 20 டன்னை விட இரண்டரை, மூன்று நிமிடம் போதும். விந்தியாசலில் யூனிட்டுகள் மொத்தம் 13. பிடிப்பு நிலையம் இணைக்கப்பட்டது 13-வது யூனிட்டுடன். சுண்ணாம்புக் கூழால் கந்தகத்தைக் கழுவும் கோபுரம் ஏற்கெனவே கட்டப்பட்டிருந்த யூனிட் அது.