பெரிய டயரும் அச்சின் பல்விகிதமும்

சேற்றிலும் கல்லோடையிலும் ஓடவேண்டிய ஜீப் வண்டிக்குப் பெரிய டயர் பூட்டுவது பரவிவரும் வழக்கமாகும். அதனால் நன்மை உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. 29 அங்குல விட்டமுள்ள டயரை நீக்கி 33 அங்குல டயரைப் பூட்டினால், கூடிய 4 அங்குலத்தில் பாதியாகிய 2 அங்குலம் அச்சு தரையினின்று உயரும். முட்டும் கல் முட்டாமற் போகும். ஆனால் டயர் வாங்கியதோடு செலவு முடிந்ததென்று எண்ணுவோர், கிளட்ச் தீய்ந்த வண்டியைப் பின்னர் பட்டறை வாசலில் நிறுத்த நேரிடுகிறது.

காரணத்தை ஆராய்வோம். எஞ்சினின் சுழற்சி கியர்ப் பெட்டியைக் கடந்து அச்சின் நடுவிலுள்ள உருண்டைக்கு வந்து சேர்கிறது. அங்கே பினியன் என்னும் சிறு பல்சக்கரம், கிரவுன் என்னும் பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. பினியனுக்கு 11 பல்லும் கிரவுனுக்கு 41 பல்லும் இருப்பின், விகிதம் 3.73 ஆகும். பினியனில் ஒரு பல் குறைந்து 10 ஆனால் 4.10, 9 ஆனால் 4.56. விசைத்தறியில் துணி சுருட்டும் பகுதியின் மாற்றுச் சக்கரத்தை மாற்றினால் அங்குலத்துக்கு விழும் ஊடைகளின் எண்ணிக்கை மாறுவதைக் கண்டுள்ள நெசவாள அன்பர்களுக்கு இக்கணக்கு புதிதன்று.

சக்கரம் பெரிதானால் ஒரு சுற்றில் வண்டி கூடுதல் தூரம் செல்லும். தள்ளும் விசையோ அந்த அளவிற்குக் குறையும். 3.73 விகிதமுள்ள வண்டிக்கு 33 அங்குல டயர் பூட்டுவது, பழைய டயரை வைத்துக்கொண்டே விகிதத்தை 3.28 ஆகக் குறைத்ததற்கு ஒப்பாகும். பாரத்தோடு ஏற்றத்தில் கிளம்பும்பொழுது ஓட்டுநர் கிளட்சைப் பாதி விட்டும் பாதி அமுக்கியுமே வண்டியை நகர்த்த வேண்டியதாகிறது. உயர்ந்த கியரில் எஞ்சின் திணறுவதால், எரிபொருள் மிச்சமாகுமென்ற எண்ணமும் பலிப்பதில்லை.

பரிகாரத்திற்கான கணக்கு எளிது. பழைய விகிதத்தைப் புதிய டயரின் விட்டத்தால் பெருக்கிப் பழைய விட்டத்தால் வகுக்க வேண்டும். 3.73 ஐ 33 ஆல் பெருக்கி 29 ஆல் வகுத்தால் 4.24 கிடைக்கும். அதற்கு அருகே கிடைப்பவை 4.10, 4.56 என்னும் இரண்டு. இவற்றுள் எதனைக் கொள்வது? நேரான கியரில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில், பழைய வண்டியின் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2150 சுற்றுச் சுற்றியது. பெரிய டயரோடு 4.10 ஆயின் சுமார் 2080, 4.56 ஆயின் சுமார் 2310. பெரிய டயர் எடையும் மிகுந்தது. உயர்ந்த வண்டியைக் காற்றும் கூடுதலாகத் தடுக்கும். ஆதலின் மலைப்பாதையில் சுமையேற்றுவோர்க்கு 4.56 ஏற்றதென்பதே நமது கருத்து. சாலையிலேயே பெரும்பொழுது ஓடும் வண்டிக்கு 4.10 போதும்.

உற்பத்தியாளரும் இவ்வழியே சென்றுள்ளனர். 1941 முதல் வந்த வில்லிஸ் போர்க்கால ஜீப்பின் விகிதம் 4.88. விவசாயிகளை எண்ணி 1945 இல் வெளியிட்ட வண்டிக்கு அதனை 5.38 ஆக உயர்த்தினர். வேகத்தை விட்டுக்கொடுத்து இழுவையைப் பெற்றனர். 33 அங்குல டயரும் 4.10 விகிதமும் கொண்ட ராங்ளர் ரூபிகான் வண்டி, 2021 இல் 35 அங்குல டயரோடு வந்தபொழுது விகிதம் 4.56 ஆயிற்று. வெறுங்கணக்கின்படி 4.35 போதுமானது என்பதைக் கவனிக்க.

அதற்காக வரம்பின்றி உயர்த்துதலும் தகாது. 5.38 விகிதத்தில் பினியனுக்கு 8 பற்களே உண்டு. பினியன் சிறுத்து வலுவும் குறையும். சில அச்சுகளில் ஓர் எல்லையைத் தாண்டினால் உள்ளிருக்கும் டிபரன்ஷியல் கூட்டையும் மாற்ற வேண்டியிருக்கும். விலை கேட்கும்போதே இதனையும் கேட்டறிக.

நான்கு சக்கர இழுவை வண்டியில் முன்னச்சு, பின்னச்சு இரண்டையும் ஒருங்கே மாற்றவேண்டும். பணத்தை மிச்சப்படுத்தி ஒன்றைமட்டும் மாற்றினால், முன்னிழுவையைச் சேர்த்தவுடன் இரண்டு அச்சுகளும் ஒன்றோடொன்று போராடிப் பற்களையும் தண்டுகளையும் முறித்துவிடும். பல் பதியும் ஆழத்தையும் பற்களுக்கிடையேயுள்ள தளர்ச்சியையும் மெல்லிய தகடுகள் வைத்து, வண்ணம் பூசிப் பதிவைப் பார்த்துச் சரிசெய்யும் கைத்திறனுள்ள மெக்கானிக்கிடமே வேலையை ஒப்படைக்க வேண்டும். கூலி மலிவு என்று பிறரிடம் கொடுத்தால் அச்சு ஊளையிடும். முதலில் சிறுசிறு தூரம் ஓட்டி, இடையிடையே ஆறவிட்டு, பின்பு எண்ணெயை மாற்றுதல் நலம்.

பெரிய டயர் மட்டும் பூட்டிய வண்டியில் வேகமானி 60 காட்டும்பொழுது உண்மை வேகம் 68 இருக்கும். பிரேக்கும் முன்போல் பிடிக்காது. 31 அங்குல டயரோடு அமைந்துவிட்டால் விசை ஆறேழு சதவிகிதமே குறையும். பெரும்பாலோர் பல்சக்கரத்தைத் தொடவே வேண்டியதில்லை.

நம் நாட்டில் 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களினின்று மாறுபடுமாறு வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதிப்படுத்தியது. ஆகையால் தம் வண்டிக்கு எந்த அளவு அனுமதிக்கப்பட்டுள்ளது என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு அறிந்த பின்னரே டயருக்கு முன்பணம் கொடுக்க வேண்டும்.