230-ஆ, 245-ஆ, 265-ஆ? ஆக்டேவியா ஆர்எஸ் வாங்க நினைப்பவர்களுக்கு

2025 அக்டோபரில் ஸ்கோடா நிறுவனம் ஆக்டேவியா ஆர்எஸ் காரை மீண்டும் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. விலை 49.99 லட்சம் ரூபாய். வந்தவை மொத்தமே 100 கார்கள். முன்பதிவு திறந்த வேகத்திலேயே எல்லாம் தீர்ந்துவிட்டன. கிடைக்காதவர்களுக்கு மிச்சமிருக்கும் வழி செகண்ட் ஹேண்ட் சந்தைதான். அங்கே போனால் இன்னொரு கேள்வி காத்திருக்கிறது: எந்த ஆர்எஸ்?

ஆர்எஸ் என்ற பெயரில் இங்கே முதலில் வந்தவற்றைச் சில வரிகளில் தாண்டிவிடலாம். 2000-களின் நடுவில் வந்த ஆக்டேவியாவில் 1.8 லிட்டர் டர்போ, 150 குதிரைத்திறன். 2011-இல் வந்த லாரா ஆர்எஸ்-இல் 160. அதே காலத்தில் ஐரோப்பாவில் ஓடிய ஆர்எஸ் கார்களில் இதைவிட வலுவான எஞ்சின்கள் இருந்தன. நமக்கு பேட்ஜ் முழுசாக வந்தது, எஞ்சின் பாதி வழியில் நின்றுவிட்டது. பழைய கார் மீது காதல் உள்ளவர்கள் வாங்கலாம். ஆனால் 15 ஆண்டு முடிந்து ஆர்சி புதுப்பிக்கும் வயது அவற்றுக்கு வந்துவிட்டது, அல்லது நெருங்கிவிட்டது.

உண்மையான போட்டி 2017-க்குப் பிறகு வந்த மூன்றுக்குள்தான். 2017-இல் வந்தது 230 குதிரைத்திறன் கொண்ட ஆர்எஸ் 230. ஷோரூம் விலை 25 லட்சத்துக்குச் சற்றுக் கீழே. 2020-இல் ஆர்எஸ் 245. முழுதாக இறக்குமதி செய்யப்பட்ட 200 கார்கள், விலை 35.99 லட்சம். மூன்றாவது, 2025-இல் வந்த 265 குதிரைத்திறன் வண்டி. மூன்றிலும் 2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், முன்சக்கர இயக்கம்.

நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட 230 எடுத்துக்கொள்வது 6.8 விநாடி, 245-க்கு 6.6, புதியதற்கு 6.4. மூன்றுக்கும் உச்ச வேகம் மணிக்கு 250 கி.மீ. எட்டு ஆண்டுகளில் விலை இரண்டு மடங்கானது. வேகத்தில் மிச்சம் 0.4 விநாடி. இதைச் சாலையில் உணர முடியும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். புதிதாகப் பதிவு செய்தால் தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு ஆயுட்கால வரி 20 சதவீதம். அதாவது, 50 லட்ச ரூபாய் வண்டிக்குச் சாலை வரியே 10 லட்சம்.

அப்படியென்றால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? முன்சக்கரங்களுக்கு நடுவில், டிஃபரன்ஷியலில். ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் திரும்பி, ஆக்சிலரேட்டரை அழுத்துகிறீர்கள் என்று வையுங்கள். வண்டியின் எடை வெளிப்பக்கம் சாய்கிறது. உள்பக்கச் சக்கரம் லேசாகிவிடுகிறது. சாதாரண டிஃபரன்ஷியலில் இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு டார்க்தான் போகும். பிடிப்பில்லாத சக்கரம் வீணாகச் சுழல, வண்டி வளைவுக்கு வெளியே இழுக்கும். 230-இல் இதைச் சமாளிப்பது பிரேக்: சுழலும் சக்கரத்தை லேசாகப் பிடித்து நிறுத்தும். வேலை நடக்கும், ஆனால் நீங்கள் கொடுத்த வேகத்தில் கொஞ்சத்தை பிரேக்கே தின்றுவிடும், பேடும் சூடாகும். 245-இல் மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் தனி கிளட்ச் இருக்கிறது. அது பூட்டிக்கொண்டு, டார்க்கைப் பிடிப்புள்ள வெளிச்சக்கரத்துக்குத் தள்ளுகிறது. மூக்கு உள்ளே திரும்பும். என்னைக் கேட்டால், மூன்று வண்டிகளுக்கு இடையில் ஓட்டுபவருக்குத் தெரியும் ஒரே பெரிய மாற்றம் இதுதான். கூடுதலாக வந்த 15 குதிரைத்திறன் அல்ல.

அடுத்தது கியர்பாக்ஸ். டிஎஸ்ஜி எனும் இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் என்றாலே இங்கே பலர் பின்வாங்குவார்கள். அந்தக் கெட்ட பெயரைச் சம்பாதித்தது சிறிய எஞ்சின்களோடு வந்த 7 கியர் டிரை கிளட்ச் வகை. சென்னைப் போக்குவரத்து நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து அதன் கிளட்ச் சூடாகி, மெக்கட்ரானிக் எனும் கட்டுப்பாட்டு யூனிட் பழுதாகி, லட்சக்கணக்கில் பில் கட்டியவர்கள் உண்டு. ஆர்எஸ் 230-இல் இருப்பது எண்ணெயில் மூழ்கிய 6 கியர் வெட் கிளட்ச். 245-இலும் புதியதிலும் 7 கியர், அவையும் வெட் கிளட்ச்தான். நன்றாக உழைக்கும், ஆனால் குறித்த இடைவெளியில் கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றியே ஆகவேண்டும்; 230-இன் 6 கியர் பெட்டியில் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, ஃபில்டரோடு. வாங்கப்போகும் வண்டியில் இதற்கான பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே உட்கார்ந்தால் எனக்குப் பழையதே பிடிக்கிறது. ஏசிக்குக் கையால் திருகும் குமிழ் உண்டு. புதியதில் அதையும் திரைக்குள் போட்டுவிட்டார்கள். ஏசியைக் கூட்டிக் குறைக்கத் திரையைத் தடவிக்கொண்டிருப்பது எந்த வகையில் முன்னேற்றமோ! பாதுகாப்பு வசதிகளில் மட்டும் புதியது எட்டாத தூரத்தில் இருக்கிறது. டிக்கியில் குறைசொல்ல முடியாது. மூன்றிலும் 590 லிட்டருக்குக் குறையாது. குடும்பத்தோடு ஊருக்குப் போகலாம்.

பழையதை வாங்குபவர்கள் மறந்துவிடும் விஷயம் பெட்ரோல். 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான கார்கள் பொதுவாக 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 எரிபொருளுக்கென வடிவமைக்கப்பட்டவை அல்ல. 230, 245 இரண்டும் அந்தக் கணக்கில்தான் வரும். மைலேஜ் சற்று இறங்கும். எரிபொருள் குழாய்களையும் ரப்பர் சீல்களையும் சர்வீஸின்போது பார்க்கச் சொல்வது நல்லது.

இனி வண்டியைப் பார்க்கும் வேலை. முதலில் கேட்கவேண்டிய கேள்வி: ரீமேப் செய்திருக்கிறதா? இந்த எஞ்சினில் மென்பொருளை மட்டும் மாற்றி 300 குதிரைத்திறனை ஒட்டிக் கொண்டுபோவது சகஜம். "ஸ்டாக்குக்குத் திருப்பிட்டேன் சார்" என்று விற்பவர் சொன்னாலும், கிளட்சும் டர்போவும் பட்ட பாடு பட்டதுதான். எஞ்சின் ஆறிய பிறகு கூலன்ட் அளவைப் பாருங்கள். இந்த எஞ்சினின் பிளாஸ்டிக் வாட்டர் பம்ப் ஹவுசிங்கில் கசிவு வருவது தெரிந்த கதை. டயரின் பக்கச்சுவரைக் கையால் தடவிப் பாருங்கள். பெரிய வீலுக்கு மெல்லிய டயர். பள்ளத்தில் விழுந்திருந்தால் அங்கே குமிழ் போல வீங்கியிருக்கும். அதிலேயே நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3219 என்றால் 2019-இன் 32-வது வாரம் செய்தது. ஓடோமீட்டர் 15,000 காட்டும் 2017 வண்டியில் 2023-இல் செய்த டயர் இருந்தால், ஏன் என்று கேளுங்கள்.

வேறு மாநில வண்டி என்றால் என்ஓசி வாங்கி, இங்கே வயதுக்கேற்ற வரியை மீண்டும் கட்டவேண்டும். கட்டிய வரியைப் பழைய மாநிலத்தில் திரும்பக் கேட்கலாம்; அதற்கு அலைய வேண்டும். பேரம் பேசும்போதே இந்தத் தொகையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் தேர்வு 245. கிடைத்தால். நாட்டுக்கே வந்தது 200 என்பதால் விற்பனைக்கு வருவது அபூர்வம். இறக்குமதி வண்டி என்பதால் முட்டிக்கொண்டால் பம்பர், ஹெட்லைட் வருவதற்கும் பொறுமை வேண்டும். தினமும் ஓட்ட ஒரு வண்டி வேண்டும் என்பவர்களுக்கு, சர்வீஸ் பில் முழுசாக உள்ள, ரீமேப் தொடாத 230 போதும். எதுவானாலும், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் விற்பவருக்குத் தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் அல்லாமல் உங்களுக்குத் தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் வண்டியை லிஃப்டில் ஏற்றி, ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிடுங்கள்.