நுரைக்கு ஆயுள் தரும் பளிங்குகள்

கோப்பை கழுவும் நீரில் பொங்கிய நுரை, கடைசிக் கோப்பையை எடுப்பதற்குள் அமுங்கிவிடுகிறது. பிறந்தநாள் கேக்கில் பூசிய கிறீமோ பிரிஜ்ஜுக்குள் அடுத்த நாளும் அப்படியே நிற்கிறது. இரண்டும் நுரைதான். ஏன் இந்த வித்தியாசம் என்று தேடியபோது எனக்குக் கிடைத்த விடை, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பளிங்குகள்.

நுரை என்பது மெல்லிய நீர்ச்சுவர்களுக்குள் அடைபட்ட காற்று. சுவரிலுள்ள நீர் கீழே வடிகிறது. மெலிந்த சுவர் உடைந்து இரண்டு குமிழிகள் ஒன்றாகின்றன. உடையாவிட்டாலும், சிறிய குமிழியின் காற்று மெல்லக் கசிந்து பெரிய குமிழிக்குள் போய்விடுகிறது. சவர்க்கார மூலக்கூறுகள் சுவரின் இரு பக்கமும் அணிவகுத்து உடைவைத் தாமதப்படுத்தும். ஆனால் அவை ஓரிடத்தில் நில்லாமல் நீருக்குள் போவதும் வருவதுமாக இருப்பதால், காற்றுக் கசிவை அவற்றால் நிறுத்த முடிவதில்லை.

அதே நுரைப்பொருள் கரையாமல் பளிங்காக நின்றால் கதை வேறு. பளிங்குகள் குமிழியைச் சுற்றி ஓடு போல ஒட்டிக்கொள்கின்றன. மிச்சமானவை இடைவெளிகளை அடைத்து நீரை வடியவிடாமல் மறிக்கின்றன. பல பற்பசைகளில் சேரும் நுரைப்பொருள் சோடியம் லோரில் சல்பேட்டு. அதன் கரைசலில் போதியளவு பொட்டாசியம் குளோரைட்டைச் சேர்த்தால், 25 பாகை வெப்பநிலையில் பளிங்குகள் பிரிகின்றன. இவ்வாறான பளிங்குகள் உள்ள நுரை நெடுங்காலம் கலையாமல் நிற்பதை இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் எழுதினார்கள். சூடாக்கிப் பளிங்கைக் கரைத்தால் அந்தக் காவலும் போய்விடும்.

கேக் அடிப்பவர்களுக்கு இது புதிதல்ல. மாஜரீனையும் சீனியையும் அடிக்கும்போது உள்ளே பிடிபடும் காற்றைத் தாங்குபவை கொழுப்புப் பளிங்குகள். கிறீமைக் குளிர வைத்து அடிப்பதும் இதற்காகத்தான். நமது வெக்கையில் மாஜரீன் உருகிவிட்டால் எவ்வளவு அடித்தாலும் பொங்காது, கைநோவுதான் மிச்சம். நான் விடியற்காலையிலேயே அடித்து முடித்துவிடுவேன்.

எல்லாப் பளிங்கும் நுரைக்கு உதவுவதில்லை. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தின் கிணற்று நீர் வன்னீர். அதிலுள்ள கல்சியம் சவர்க்காரத்துடன் சேர்ந்து வெள்ளைக் கசடாகிறது. இக்கசடு நீரில் நனையாத வகை. குமிழியின் சுவரில் பட்டால் அதை உடைத்துவிடும். நுரை வரவில்லையே என்று நாம் இன்னும் இன்னும் தேய்ப்போம். சவர்க்காரக் கட்டிதான் தேயும். கசடு உடுப்பில் ஒட்டி, காய்ந்ததும் சொரசொரப்பாகும். அந்த நீருக்குச் சவர்க்காரக் கட்டியைவிடச் சலவைத்தூள் சிக்கனமானது. மாரிகாலத்தில் பீலியால் வடியும் நீரைப் பிடித்துத் தோய்த்துப் பாருங்கள், கொஞ்சச் சவர்க்காரத்துக்கே நுரை வரும்.