சுண்டுக் கணக்கும் கிராம் கணக்கும்

கம்பளைப் பக்கத்தில், வீடும் தோட்டமும் இழந்து வந்த நாற்பது பேருக்கு ஒரே உலையில் சமைத்து வந்த இடமொன்றில், களஞ்சியப் பொறுப்பிலிருந்த அக்காவின் மேல் சந்தேகம் எழுந்தது. புத்தகக் கணக்கின்படி கௌபி மூட்டை தீர்ந்திருக்க வேண்டும். மூட்டையிலோ மூன்று கிலோ மிச்சம். பிள்ளைகளின் பங்கைப் பதுக்கினாரோ என்று கேட்கும் அளவுக்குப் பேச்சு முற்றிவிட்டது. நாம் போய் நிறுத்துப் பார்த்தபோதுதான், பிழை அவரிடமல்ல, அவர் கையிலிருந்த சுண்டில் என்று தெரிந்தது.

ஆளுக்கு நாளொன்றுக்கு 60 கிராம் பருப்பு அல்லது பயறு வகை என்பது உலருணவுப் பங்கீட்டில் வழக்கமான கணக்கு. நாற்பது பேருக்கு 2 கிலோ 400 கிராம். மைசூர்ப் பருப்பில் அது ஏறக்குறையப் பத்தரைச் சுண்டு. கௌபி சமைத்த நாட்களிலும் அதே பத்தரைச் சுண்டையே போட்டிருக்கிறார்கள். தோல் நீக்கிய பருப்பு நெருங்கிப் படியும். ஒரு சுண்டு 230 கிராம் அளவு நிற்கும். கௌபி இடைவெளி விட்டுக் கிடக்கும். சுண்டுக்கு 200 கிராமை ஒட்டியே வரும். ஆக ஒவ்வொரு சமையலிலும் 300 கிராம் குறைவு. ஐந்து பேரின் பங்கு அது! பானை நிறைந்தே இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. பத்துச் சமையலில் மூன்று கிலோ மிஞ்சிவிட்டது.

சுண்டு என்றால் அரை இறாத்தல் என்பார்கள் எமது பெரியவர்கள். அது பொய்யல்ல, ஆனால் அரிசிக்குரிய கணக்கு. நான்கு சுண்டு ஒரு கொத்து, கொத்து அரிசி இரண்டு இறாத்தல் என்றே அக்காலப் பங்கீட்டுக் கடைகளில் வழங்கியது. 1953இல் கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது, ஆகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் வெடித்தது. அவ்வளவு ஆழமாக மனதில் பதிந்த அளவு, எல்லாத் தானியத்துக்கும் பொருந்தும் என்று நினைப்பது இயல்பே.

போதாததற்கு, பலர் வீட்டிலுள்ளது சுண்டுமல்ல, வெறும் பால் டின். அதையும் ஒருவர் தலைதட்டி அளப்பார், இன்னொருவர் கூம்பாக அளப்பார். குலுக்கினால் இன்னும் கொஞ்சம் பிடிக்கும்.

தராசு இல்லாதோருக்கு ஒரு வழியுண்டு. நிறை அச்சிட்ட ஒரு கிலோ பொதியை வாங்கி, உங்கள் டின்னால் தலைதட்டி அளந்து எண்ணுங்கள். கௌபி ஐந்து டின் வந்தால் டின்னுக்கு 200 கிராம். நான்கேகால் டின் வந்தால் 235 கிராம். பயறு, கடலை, உளுந்து ஒவ்வொன்றையும் ஒருமுறை இப்படிப் பார்த்தால் போதும். ஊறவைக்கு முன், காய்ந்த நிலையில் அளக்க வேண்டும். வெந்த பின் இரண்டு மூன்று மடங்காகிவிடும், அதை வைத்துக் கணக்குப் பார்க்க முடியாது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 300 கிராம் என்றால் பருப்பில் ஒன்றேகாற் சுண்டுக்குச் சற்று மேல், கௌபியில் ஒன்றரை.

நிறுவையும் எப்போதும் உண்மை சொல்லாது. ஈரப்பயற்றை நிறுத்து வாங்கினால் தண்ணீருக்கும் காசு கொடுக்கிறோம். பல்லில் கடித்தால் 'டக்'கென்று உடைய வேண்டும்; நசுங்கினால் ஈரம். வண்டு விழுந்த கௌபியோ இதற்கு நேர்மாறு: உள்ளே குடைந்து தின்றாலும் தோல் அப்படியே நிற்பதால் சுண்டு குறையாது, நிறைதான் குறையும். சந்தையில் சுண்டுக்கணக்கில் மலிவாகக் கிடைக்கும் கௌபியை ஒரு பிடி அள்ளி ஓட்டை பாருங்கள். விதைக்கென எடுத்து வைப்போருக்கு இது இன்னும் முக்கியம்.

அந்த அக்கா இப்போது இரண்டு டின் வைத்திருக்கிறார். பருப்புக்கு ஒன்று, கௌபிக்கு ஒன்று. ஆணியால் கீறி எண்ணும் எழுதியிருக்கிறார். மிஞ்சிய மூன்று கிலோவைப் புடைத்து, வண்டு நீக்கி, அடுத்து வந்த சமையல்களில் கூடுதலாகச் சேர்த்தார்கள். அவரைச் சந்தேகித்தவர்களே அன்று சுளகு பிடித்தார்கள்.