பளபளப்பைப் பார்த்துப் பணத்தை எண்ணாதீர்கள்! பழைய சின்ன கார் வாங்குவோர் உஷார்!

சென்னையில் பழைய கார் விற்கும் இடங்களுக்குப் பஞ்சம் இல்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் பார்க்கலாம். பூந்தமல்லி ரோட்டில் பார்க்கலாம். ஆல்டோ, வேகன்-ஆர், சான்ட்ரோ, ஐ10, ஸ்விப்ட் என்று சின்னச் சின்ன கார்கள் வரிசையாக நிற்கின்றன. மெழுகு போட்டுத் தேய்த்து, டயருக்குக் கறுப்பு அடித்து, முகூர்த்தத்துக்குக் காத்திருக்கும் மாப்பிள்ளை போல நிற்கின்றன.

வாங்க வருகிறவர் பணக்காரர் அல்ல. ஆபீஸ் குமாஸ்தா. மளிகைக் கடைக்காரர். ஸ்கூட்டரில் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றி மழையில் நனைந்தது போதும் என்று நினைப்பவர். கையில் இரண்டரை லட்சமோ மூன்று லட்சமோ இருக்கும். சீட்டு எடுத்த பணம், பி.எப். பணம், வளையல் அடகுக்குப் போன பணம் எல்லாம் சேர்ந்தது அது.

அந்தப் பணத்துக்குத்தான் வலை விரிக்கிறார்கள்.

கை வைத்தார், சுட்டது!

வில்லிவாக்கத்தில் இருந்து ஒரு குமாஸ்தா கார் பார்க்கக் கிளம்பினார். கூடவே ஓட்டேரி மெக்கானிக் ஒருவரை அழைத்துப் போனார். "பாய்" என்றால் அந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். முப்பது வருஷமாக ஸ்பேனர் பிடித்த கை. நிருபரும் ஒட்டிக்கொண்டேன்.

2014-ம் வருஷத்து வேகன்-ஆர். வெள்ளை நிறம். மீட்டரில் 48 ஆயிரம் கிலோமீட்டர். "டாக்டர் ஓட்டின வண்டி சார், கிளினிக்குக்கும் வீட்டுக்கும்தான்" என்றார் புரோக்கர். (பழைய கார் விற்கும் இடத்தில் எல்லா காரும் டாக்டர் ஓட்டியதுதான். மற்றவர்கள் கார் ஓட்டுவதே இல்லை போலும்!)

பாய் ஒன்றும் பேசவில்லை. நேராகப் போய் பானெட்டில் கை வைத்தார். சூடு!

"இப்பதான் கழுவ எடுத்துட்டுப் போனோம் பாய்."

"பரவாயில்ல. நாங்க டீ குடிச்சிட்டு வர்றோம். சாவி என்கிட்ட இருக்கட்டும்."

ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பினோம். "சூடான என்ஜின் பொய் சொல்லும் தம்பி. ஆறின என்ஜின்தான் உண்மையைக் கக்கும்" என்றார் பாய். சூட்டோடு ஸ்டார்ட் செய்தால் பாட்டரியின் பலவீனம் தெரியாது. காலையில் முதல் தடவை கக்கும் புகையும் தெரியாது. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. வெள்ளைப் புகை விடாமல் வந்தால் கூலன்ட் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்து, அடியில் பால் ஏடு போலப் படிந்திருந்தால் சந்தேகம் வலுக்கும்.

இந்த வண்டியில் புகை இல்லை. என்ஜின் சத்தமும் சுத்தம். குமாஸ்தா முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

மீட்டர் மாயம்

பாய் மட்டும் சிரிக்கவில்லை. கிளட்ச் பெடலின் ரப்பரைக் காட்டினார். வரி தேய்ந்து வழுவழு என்று இருந்தது. டிரைவர் சீட்டின் வலது ஓரம் அமுங்கிப் போயிருந்தது. ஸ்டியரிங் மொழுமொழு. 48 ஆயிரத்துக்கு இவ்வளவு தேயுமா?

பானெட்டின் உள்பக்கத்தைத் துணியால் துடைத்தார். எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் ஒரு சின்ன ஸ்டிக்கர். ஏதோ ஒர்க்‌ஷாப்பில் ஆயில் மாற்றியபோது ஒட்டியது. "அடுத்த ஆயில் 91,000" என்று பேனாவில் எழுதி இருந்தது!

காரை முழுக்கக் கழுவியவர்கள் அந்தக் கட்டைவிரல் அளவு காகிதத்தை மறந்துவிட்டார்கள்.

புரோக்கர் முகம் வெளுத்தது. உடனே 30 ஆயிரம் குறைத்தார். பாய் சொன்ன பதில் இது:

"90 ஆயிரம் ஓடினது தப்பு இல்ல. இந்த கே-10 என்ஜின் லட்சத்தையும் தாண்டி ஓடும். டைமிங் செயின் வெச்ச என்ஜின். ஒழுங்கா ஆயில் மாத்தி இருந்தா பயமே இல்ல. 90-ன்னு சொல்லி இருந்தா இந்த சார் வாங்கி இருப்பார்."

டிஜிட்டல் மீட்டரைத் திருத்த முடியாது என்று பலர் நம்புகிறார்கள். தவறு. பழைய முள் மீட்டரைத் திருப்ப ஸ்குரூ டிரைவர் வேண்டும். இதற்குக் கம்ப்யூட்டர் வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம். மீட்டரைப் பார்ப்பதைவிட சர்வீஸ் புத்தகத்தைப் பாருங்கள். கம்பெனி சர்வீஸ் ஸ்டேஷனில் செய்ததாகச் சொன்னால், நம்பரைக் கொடுத்து எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டர் என்று விசாரியுங்கள்.

டயரும் பேசும். பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். 2321 என்றால் 2021-ம் வருஷம் 23-வது வாரம் தயாரானது. நாலு டயரிலும் நாலு வருஷம் இருந்தால், வந்தபோதெல்லாம் கிடைத்ததை மாட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

சேற்று வாடை

சென்னைக்காரர்கள் இன்னொன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிச்சாங் புயல் மழையிலும் எத்தனையோ கார்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்றன. வெள்ளத்தில் நின்ற கார் கொஞ்ச நாள் நன்றாகவே ஓடும். பிறகு ஒயர்களின் உள்ளே பாசி பிடித்ததுபோல் பச்சை ஏறும். இன்றைக்கு பவர் விண்டோ வேலை செய்யாது. நாளைக்கு ஏ.சி. நிற்கும். ஒருநாள் நடுரோட்டில் வண்டியே நிற்கும். எலக்ட்ரீஷியன் வீட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும் நடந்தே செருப்பு தேயும்.

கண்டுபிடிப்பது சுலபம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். வெளியே தெரியும் பாதியைக் கழுவி இருப்பார்கள். சுருளுக்குள் இருக்கும் மீதியில் சேற்றுக் கோடு இருக்கும். சீட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்குரூவில் துரு இருக்கிறதா? ஸ்டெப்னியைத் தூக்கினால் மணல் இருக்கிறதா? ஹெட்லைட் கண்ணாடிக்குள் தண்ணீர்க் கோடு? காருக்குள் மல்லிகைப்பூ சென்ட் மூக்கைத் துளைத்தால், எதையோ மறைக்கிறார்கள்!

அடிபட்ட காரையும் இப்படித்தான். கதவு ரப்பரை ஓர் ஓரத்தில் உரித்தால் கம்பெனி வைத்த புள்ளி வெல்டிங் வரிசையாகத் தெரியும். டிங்கரிங் செய்த இடத்தில் வரிசை கலைந்திருக்கும். பானெட் போல்ட்டின் பெயின்டில் ஸ்பேனர் பட்ட தழும்பு இருந்தால் ஏன் கழற்றினார்கள் என்று கேளுங்கள். பம்பர் மாற்றிய கார் பரவாயில்லை. முன்பக்க சேஸிஸ் வளைந்து நிமிர்த்திய கார் வேண்டாம். விலை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

பெல்ட்டா, செயினா?

எந்த வண்டி நம்பகமானது? இதற்கு ஆளுக்கு ஒரு பதில் சொல்வார்கள். பாய் முதலில் கேட்கும் கேள்வி, "உள்ள பெல்ட்டா, செயினா?" என்பதுதான்.

பழைய ஆல்டோ, ஆல்டோ 800, சான்ட்ரோ, ஐ10-ல் 1.1 என்ஜின் ஆகியவற்றில் டைமிங் பெல்ட். ரப்பர் சமாசாரம். குறித்த கிலோமீட்டரில் மாற்றியே ஆக வேண்டும். ஓடும்போது அறுந்தால் வண்டி அங்கேயே நிற்கும். வால்வு வளைந்தால் என்ஜினைப் பிரிக்கிற செலவு. கே-10 ஆல்டோ, 2010-க்குப் பிறகு வந்த வேகன்-ஆர், 2010-க்குப் பிறகு வந்த பெட்ரோல் ஸ்விப்ட், ஐ10-ல் 1.2 என்ஜின் ஆகியவற்றில் செயின். பெல்ட் வண்டி மட்டம் என்று அர்த்தம் அல்ல. மாற்றிய பில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

வில்லிவாக்கம் குமாஸ்தா கடைசியில் வாங்கியதும் பெல்ட் வண்டிதான்! ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் வைத்திருந்த 1.1 ஐ10. சர்வீஸ் பில் எல்லாம் பைலில் இருந்தது. பெல்ட் பில் மட்டும் இல்லை. அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு பேசி முடித்தார்கள்.

ஐ10-ம் சான்ட்ரோவும் நம்ம ஊர்ப் பிள்ளைகள். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் பிறந்தவை. 1998-ல் சான்ட்ரோ வந்தபோது அதன் உயரமான கூரையைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. பிறகு வேட்டி கட்டிய தாத்தாவும் முழங்கால் வலிக்காரப் பாட்டியும் குனியாமல் ஏறியதைப் பார்த்துச் சிரிப்பு அடங்கியது. வீட்டில் வயசானவர்கள் இருந்தால் உயரமான கார்தான் சவுகரியம். ஸ்விப்ட் பார்க்க அழகு, ஓட்டவும் ஜோர். ஆனால் பின்சீட்டில் பாட்டியை உட்காரவைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் பணம் கொடுங்கள்.

டிக்கி விஷயத்திலும் ஏமாறக் கூடாது. ஆல்டோ 800-ல் 177 லிட்டர். இரண்டு பை, ஒரு அரிசி மூட்டையோடு சரி. ஐ10-ல் 225. பழைய வேகன்-ஆரில் 180 லிட்டர்தான். 2019-ல் வந்த புது வேகன்-ஆரில் 341. ஒரே பேர், வேற வேற டிக்கி! கடைக்குச் சரக்கு ஏற்றுகிறவர்களுக்கு இது பெரிய வித்தியாசம். கேஸ் சிலிண்டர் பொருத்திய கார் என்றால் டிக்கி போச்சு. அந்தச் சிலிண்டர் ஆர்.சி.யில் ஏறி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடையை மூடிய கம்பெனிகளின் கார்கள் மலிவாகக் கிடைக்கும். ஷெவர்லே 2017-ல் இங்கே விற்பனையை நிறுத்தியது. டட்சன் 2022-ல் முடிந்தது. போர்டு 2021-ல் அறிவித்துவிட்டு மறைமலைநகர் தொழிற்சாலையை 2022-ல் மூடியது. பிகோ நல்ல இரும்பு, கெட்டியான வண்டி. குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு சின்ன சென்சாருக்கு வாரக்கணக்கில் காத்திருக்கப் பொறுமை வேண்டும். திருப்பி விற்கும்போது உங்களுக்கும் அதே மலிவு விலைதான்.

உயிர் விஷயம்

மைலேஜ் எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஏர்பேக் இருக்கா என்று கேட்கிறவர் குறைவு. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு ஆல்டோ 800, ஐ10, நானோ, பிகோ, போலோ ஆகிய ஐந்து கார்களை ஏர்பேக் இல்லாத மாடலில் மோதிப் பார்த்தது. ஐந்துக்கும் பூஜ்யம் நட்சத்திரம்!

அதன் பிறகு சட்டம் வந்தது. 2019 ஏப்ரல் முதல் புது கார்களில் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம். 2019 ஜூலை முதல் டிரைவருக்கு ஏர்பேக் கட்டாயம். ஆகவே 2018 காரும் 2020 காரும் பார்க்க ஒன்றாக இருந்தாலும் உள்ளே ஒன்றல்ல. இரண்டு வருஷத்துக்கு விலை வித்தியாசம் 40 ஆயிரமோ 50 ஆயிரமோ வந்தாலும், நிருபர் ஓட்டு புதுசுக்குத்தான்.

வயசையும் கணக்குப் போடுங்கள். ஆர்.சி. 15 வருஷத்துக்குத்தான். பிறகு எப்.சி. பார்த்து ஐந்து ஐந்து வருஷமாக நீட்டிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022-ல் 5 ஆயிரம் ஆனது. 13 வயசு காரை "சூப்பர் ரேட்" என்று வாங்கினால், இரண்டே வருஷத்தில் அந்தச் செலவும் டிங்கரிங் செலவும் உங்கள் தலையில்.

விற்றவருக்கு வந்த வினை

இதுவரை சொன்னது பணம் போகிற கதை. இனி கோர்ட்டுக்கு அலைகிற கதை.

2009 மே மாதம் அரியானா பதிவெண் கொண்ட ஒரு கார் ரிவர்சில் வந்து, தெருவில் நடந்து போன ஒரு பெண்ணையும் அவருடைய உறவுக்காரப் பையனையும் இடித்தது. பையன் இறந்தான். காருக்கு இன்சூரன்சு இல்லை. ஆர்.சி.யில் பேர் இருந்தவரோ, "நான் 2007-லேயே விற்றுவிட்டேன்" என்றார். கார் அதன் பிறகு கை மாறிக் கை மாறிப் போயிருந்தது. யாரும் பேர் மாற்றவில்லை. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவரே ஓனர், நஷ்ட ஈடு அவர் பொறுப்பு!

காரை விற்றுவிட்டதாகச் சொன்ன மனிதர் மூன்றே முக்கால் லட்சத்துக்கு மேல் பொறுப்பாளி ஆனார். விற்கிறவர்கள் இதை வெட்டி ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

வாங்குகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் நம்பரை வண்டியில் அடித்த நம்பரோடு ஒப்பிடுங்கள். எழுத்து கோணலாகவோ, சுற்றிலும் அரம் போட்ட பளபளப்போ இருந்தால் திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டுங்கள். திருட்டு வண்டியா என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் இணைய தளத்திலேயே பார்க்கலாம். எம்-பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டால் எத்தனாவது ஓனர், இன்சூரன்சு எதுவரை, பாங்கு கடன் நிற்கிறதா என்பதெல்லாம் தெரியும். கடன் இருந்தால் பாங்கு கடிதமும் பாரம் 35-ம் கைக்கு வராமல் முன்பணம்கூட வேண்டாம். பாக்கி அபராதச் சலானையும் அப்போதே கட்டச் சொல்லுங்கள்.

புரோக்கரிடம் வாங்கினால், ஆர்.டி.ஓ. கொடுத்த டீலர் சான்றிதழைக் கேளுங்கள். 2023 ஏப்ரல் முதல் அது கட்டாயம். இல்லாதவர் கடை போட்டிருப்பதே சட்டப்படி தவறு.

பாரம் 29-ம், 30-ம் கையெழுத்தாக வேண்டும். விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்சையும் 14 நாளில் உங்கள் பேருக்கு மாற்றக் கேளுங்கள். மூன்றாம் நபருக்கான காப்பீடு காரோடு வந்துவிடும். உங்கள் கார் நசுங்கினால் கிடைக்கும் பணம் பேர் மாறாமல் கிடைக்காது. விற்றவர் சேர்த்து வைத்த "நோ கிளெய்ம்" சலுகை அவரோடு போய்விடும், அதை உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கடைசியாக ஒரு வெள்ளைத் தாள். "இன்ன தேதி, இன்ன மணிக்கு வண்டியை ஒப்படைத்தேன்" என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். தேதியோடு மணியும் வேண்டும். சாயங்காலம் 6 மணிக்குக் கை மாறிய கார் 7 மணிக்கு அண்ணாசாலையில் சிவப்பு விளக்கைத் தாண்டினால், கேமராவில் விழுவது நம்பர் மட்டும்தான்.